அவிழ்க்காத முடிச்சு

பாரிஸில் சப்பாத்துக் கடைக்காரப் பெண் என் முன்னால் முழந்தாளிட்டு என் காலைப் பிடித்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் ஒருவர் காலை இன்னொருவர் தொடுவது சும்மா நடக்கிற காரியமா? அவளோ எனக்கு நோகிறது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள். நோவில்லை, கூச்சம் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. ‘மெர்சி, மெர்சி’ என்று சமாளித்தேன்.

அவள் என் பழைய ஓட்டச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தாள். பின்பக்கம் மிதிபட்டுச் சப்பளிந்திருந்தது. நாடா முடிச்சில் ஊத்தை ஏறி இறுகிக் கிடந்தது. இதை எப்போதாவது அவிழ்த்தீர்களா என்று கேட்டாள். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். யாராவது அவிழ்ப்பார்களா? வாங்கிய அன்று தளர்வாக ஒரு முடிச்சு. பிறகு அது கிழியும்வரை குதியை மிதித்துக் கழற்றுவதும் நுழைப்பதும்தான். எங்கள் மானிப்பாயில் ஒரு பின்னேரம் வெளிக்கிட்டால் கோயில், மாமி வீடு, ரியூஷன் கொட்டில் என்று எல்லா வாசலிலும் கழற்ற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் குந்தியிருந்து நாடா அவிழ்ப்பவனை விசரன் என்பார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் நான் பாரிஸ் வீதிகளில் ஓடியிருக்கிறேன். கால் உள்ளே வழுக்கி வழுக்கி, பெருவிரல் நகம் முன்பக்கம் இடித்தே கறுத்துவிட்டது. குதி அசையக் கூடாது, விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும் என்று தொட்டுக் காட்டி, புதிய சோடி ஒன்றை இறுகக் கட்டிவிட்டாள்.

நகம் கறுப்பது ஓடுகிறவர்களுக்குச் சின்னக் காயம். எனக்கு அப்படியில்லை. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் ஓடவே தொடங்கினேன். அப்பாவுக்கும் அதே வருத்தம். சைக்கிள் மிதியில் இடிபட்ட விரலை, நோகவில்லை என்பதற்காக அவர் கவனிக்காமல் விட்டார். கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டி வந்தது. நோகிற கால் பரவாயில்லை, நோகாத காலுக்குத்தான் பயப்படுகிறேன். தினமும் கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய ஊருக்கு வந்தேன். அக்காவோடு கீரிமலைத் தீர்த்தக் கேணிக்குப் போய் இறங்கியபோது வெயில் ஏறிவிட்டது. காலையில் நகத்தின் ஓரம் கசிந்திருந்ததை அவளிடம் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிய சனம் சுடுமண்ணில் துள்ளித் துள்ளிப் போனது. நான் துள்ள மாட்டேன். கால் மரத்துப்போய், சூடே எனக்குச் சரியாகத் தெரியாது.

“தம்பி, சப்பாத்தைக் கழட்டு. சனம் பாக்குது” என்றாள் அக்கா.

“நகத்தடியிலை கசியுது, அக்கா. அப்பாவுக்கும் உப்பிடித்தான் தொடங்கினது.”

அப்பாவின் காலுக்குக் கடைசிவரை மருந்து கட்டியவள் அவள்தான். குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தாள்.

“உதோடையே வா. ஆரும் கேட்டால் நான் கதைக்கிறன். முடிஞ்ச உடனை டொக்டரிட்டைப் போறம்.”

மண்ணைக் கடந்து கேணிப் படிவரைக்கும் சப்பாத்தோடு நடந்தேன். முதுகெல்லாம் கூசியது. வெளிநாட்டுக்காரருக்கு எல்லாம் மறந்து போச்சு என்று ஒருவர் முணுமுணுத்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். மறக்கவில்லை ஐயா, மறக்கவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

படியில் குந்தி, காயமில்லாத இடக்காலின் நாடாவை அவிழ்த்தேன். இறுகக் கட்டியது, இலேசில் அவிழவில்லை. ஐயர் அப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். எள்ளும் தண்ணீரும் இறைக்கையில் இடக்கால் கேணிக்குள் குளிர்ந்துகொண்டிருந்தது. வலக்கால் மேற்படியில், பாரிஸில் அந்தக் கடைக்காரப் பெண் கட்டிக் காட்டிய முடிச்சோடு, நனையாமல் இருந்தது.