பவுடர் பஞ்சு

அடுத்த ஆள் நாற்காலியில் உட்கார்ந்ததும், கத்தரியை எடுக்குமுன், சலூன்காரர் இரண்டு விரலால் தன் மூக்கு நுனியைப் பிடித்து ஒரு திருகு திருகிக்கொள்வார். குழாயை மூடுவது போலிருக்கும். பக்கத்துக் கடைத் தையல்காரர், "இன்னும் சொட்டுதா?" என்பார். இவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். புது பிளேடு மாட்டுவார், சீப்பை மருந்துத் தண்ணீரில் முக்குவார், முடிந்ததும் பவுடர் பஞ்சால் பிடரியை ஒற்றி அனுப்புவார். சுத்தத்தில் அவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

மகளுக்கு ஐந்து வயது. சாயங்காலம் கடைக்கு வந்து கழுத்தை நீட்டுவாள். நாளின் கடைசிப் பவுடர் அவளுக்கு.

ஒரு திங்கட்கிழமை அவள் மூக்குக்குக் கீழே இரண்டு கொப்புளம். புதனுக்குள் அவை உடைந்து, தேன் காய்ந்த நிறத்தில் பொருக்குக் கட்டி, கழுத்துவரை இறங்கிவிட்டன. மனைவி கடைக்கு வந்து பஞ்சை மட்டும் பார்த்தாள். எத்தனை பிடரிகளில் பட்ட பஞ்சு! சலூன்காரர் அன்றைக்கே அதை எரித்தார்.

டாக்டரம்மா குடிக்க மருந்தும் தடவக் களிம்பும் கொடுத்தார். தனித் துண்டு வைக்கச் சொன்னார், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். கிளம்பும்போதுதான் அதைச் சொன்னார்.

"எப்பவாவது ஒரு குழந்தைக்கு இது கிட்னியத் தொட்டுடும். மூணு வாரம் பாத்துக்குங்க. முகம் வீங்குதா, ஒண்ணுக்கு டீ மாதிரி போகுதா?"

பொருக்கு உதிர்ந்த பிறகும் பயம் உதிரவில்லை. தினம் காலையில் அவள் ஒண்ணுக்குப் போன வெள்ளைக் கிண்ணத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். களிம்பு தடவுவது மனைவியின் வேலையாயிற்று. பிள்ளை கழுத்தை நீட்டினால் இவர் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொள்வார்.

பதினெட்டாம் நாள் அவள் கண்ணிமைகள் உப்பியிருந்தன. அள்ளிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா காலை அழுத்திப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார், கோளாறு எதுவும் இல்லை. பிறகு பிள்ளையிடமே கேட்டார்.

"ரொம்ப அழுதியாடா?"

"அப்பா என்னத் தொடவே மாட்டேங்கறாரு."

சலூன்காரர் மூக்கைத் திருகினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். டாக்டரம்மா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பஞ்சுக் குச்சியை எடுத்து, "நீங்க கொஞ்சம் தலையத் தூக்குங்க" என்றார்.

சோதனை முடிவு வர நாலு நாளாயிற்று. மகளுக்கு வந்த மாதிரிப் புண்ணை உண்டாக்கும் கிருமி அவர் மூக்குக்குள் இருந்தது, அவருக்கு ஒரு தும்மல்கூட வராமல்.