நிமிர்த்தி வைத்த மங்குகள்

எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி என் கணவரிடம் மூன்று மாதம் சொன்னேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாஷரை மாற்றிவிட்டுப் பெரிய வேலை முடித்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை சமையலறை ஜன்னலோரம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஓர் அணில் வந்தது. குழாயின் மேல் ஏறித் தலைகீழாகத் தொங்கி, வாயை அதன் நுனியில் வைத்துக் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறித் தொங்கியது. அதற்குப் பிறகு ஒரு மைனா வந்து, எப்போதும் ஈரமாக இருக்கும் சிமெண்டுத் தரையைக் கொத்திப் பார்த்தது. அரை மணி நேரத்தில் நான்கைந்து பேர் வந்து ஏமாந்து போனார்கள். அந்த ஒழுகலுக்கு இத்தனை வாடிக்கையாளர்கள் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"அலமாக், ஒரு வாஷர் மாத்தினதுக்கு இவ்ளோ கம்ப்ளேனா?" என்றார் கணவர்.

ஜொகூரில் தண்ணீர் இல்லை என்று சொன்னால் சிகாமட்டில் இருக்கும் என் தங்கை சிரிப்பாள். அவள் வீட்டுச் சுவரில் வெள்ளம் விட்டுப்போன கோடு இன்னும் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. ஆனால் சீனப் பெருநாள் முடிந்த பிறகு இந்தப் பக்கம் வெயில் வேறு மாதிரி அடிக்கும். அந்த வருடம் அது சீக்கிரமே ஆரம்பித்து நகரவே மாட்டேன் என்றது. சிம்பாங் ரெங்கத்திலிருந்து உள்ளே போகும் சாலையில், வீட்டை ஒட்டியே எங்களுக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. சுற்றிலும் செம்பனை. பால் வெட்ட ஆள் கிடைக்காமல் மரங்களைச் சும்மா விட்டிருந்தோம். இலை எல்லாம் கொட்டி, நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வாய்க்காலில் வெடிப்பு விழுந்திருந்தது.

அந்த மரங்களைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. வெட்டாத மரங்களிலும் பால் பிடிக்கும் சின்னக் கிண்ணம், மங்கு, கம்பியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் கவிழ்ந்து இருந்தன. கவிழ்த்து வைத்தது நான்தான்.

இதைச் சொல்ல வேண்டுமென்றால் என் வேலையைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறும்வரை நான் சுகாதாரப் பிரிவில் கொசு ஒழிப்புப் பணியாளர். வீடு வீடாகப் போய்ப் பழைய டயர், பூச்சட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் தேடிக் கொட்டுவேன். புழு நெளிந்தால் வெள்ளைக் கரண்டியில் எடுத்து வீட்டுக்காரம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டுவேன். அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, பொய் சொல்வானேன். ஊரில் நான் வருகிறேன் என்றாலே வாளிகள் தாமாகக் கவிழும் என்பார்கள்.

அப்படிப்பட்டவள் ஒரு திங்கட்கிழமை காலையில் மங்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றினேன். கை கூசியது. திருடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் விதிமுறை தெரிந்தவள் நான். நான்கு நாளைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டுவேன். கொட்டினால் மட்டும் போதாது; கொசு முட்டை மங்கின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாமல் கிடக்கும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுவேன். வீட்டுக்குக் கிட்ட இருக்கும் நாற்பது மங்கோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு மரத்தையும் விட்டுவிடாமல் இருக்கத் தண்டில் சுண்ணாம்பால் எண் போட்டேன்.

"சம்பளம் இல்லாத ஓவர்டைம்," என்றார் கணவர்.

முதல் வாரத்திலேயே கேள்விகள் பிடித்துக்கொண்டன. பதினோராம் மரத்து மங்கு தினமும் காலியாகிறது, பக்கத்தில் பன்னிரண்டு தொடப்படாமல் இருக்கிறதே, ஏன்? அணிலுக்கு இரண்டு பக்கமும் தப்பித்துப் போக மரம் வேண்டும் என்பது பத்து நாள் பார்த்த பிறகு புரிந்தது. தேனீக்கள் மங்கில் விழுந்து செத்ததால் ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி போட்டேன். அதற்குப் பிறகு அவை குச்சியில் வரிசையாக இறங்கி நின்று குடித்தன. மைனாக்கள் குடிக்க வரவில்லை, குளிக்க வந்தன. இரண்டு பேர் குளித்தால் மங்கு காலி. ஒரு சின்னக் குருவி மட்டும் தண்ணீரைத் தொடாமல் மங்கின் வெளிப்பக்கம் கசிந்த துளியை அலகால் உறிஞ்சிவிட்டுப் போகும். அதற்கு உள்ளே இருப்பதில் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

மரம் ஏறத் தெரியாதவர்களுக்காக ஒரு பழைய பேசினைத் தரையில் வைத்து, சுற்றிலும் மணலைப் பரப்பினேன். காலையில் அதில் இருக்கும் கால்தடங்களைப் போனில் படம் பிடித்து வந்து கணவரிடம் காட்டுவேன். பிளந்த குளம்பு, பன்றி. மூன்று விரல், காட்டுக்கோழி. ஒன்று மட்டும் இருவருக்கும் பிடிபடவில்லை: நடுவில் நீளமாக ஒரு கோடு, இரண்டு பக்கமும் நகக்கீறல். அவர் யாரோ குச்சியை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். நான் பாம்பு என்றேன். பாம்புக்கு ஏது நகம் என்று சிரித்தார். ஒரு மத்தியானம் மறைந்திருந்து பார்த்தேன். உடும்பு. வாலை இழுத்துக்கொண்டு வீட்டுக்காரர் மாதிரி நிதானமாக நடந்து வந்து, நாக்கால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு முழுதாக உள்ளே இறங்கிப் படுத்துக்கொண்டது. என் பேசின் அதற்குச் சரியான அளவு.

இதையெல்லாம் நான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுக்காரியிடம். அவளும் நானும் பல வருடங்களாகக் கறிவேப்பிலையையும் கோபத்தையும் கொடுத்து வாங்கிக்கொள்கிறவர்கள். கணவர் இல்லாதவள், ஒரே மகள். அந்த மகள் ஜொகூர் பாருவில் வேலை செய்பவள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கால் வீங்கி, நடக்க முடியாமல், ஜன்னலோரக் கட்டிலிலேயே கிடந்தாள். நான் சொல்லும் உடும்புக் கதைகளைக் கேட்டு, "அப்புறம் என்ன பண்ணுச்சு பெரியம்மா?" என்பாள்.

ஒருநாள் அவள் அம்மா வேலியோரம் வந்து நின்றாள். "அக்கா, ஒரு மங்கு இருந்தா குடுங்களேன். இவ ஜன்னல்ல கட்டி விடறேன். சும்மா போனையே நோண்டிகிட்டு கெடக்குறா."

கொட்டகையில் இருந்த குவியலிலிருந்து நல்லதாக ஒன்று எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். கம்பியும் கொடுத்தேன். குச்சி போட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ செத்துவிடும் என்று சொன்னேன். நான்கு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்க்க வேண்டும் என்று சொன்னேனா? சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் எத்தனையோ வாசலில் நின்று சொன்ன ஒரே விஷயத்தை, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. என் மனம் முழுக்கத் தேனீதான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்புவலி என்றாள். மறுநாள் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது என்றாள். அதைக் கேட்டதும் காரை எடுக்கச் சொன்னேன். என் கணவர்தான் எங்கள் மூவரையும் மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனார். இரத்தத்தைப் பார்த்துவிட்டு டிங்கிக் காய்ச்சல் என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். எட்டாவது மாதம். தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். 

நான் வீட்டுக்கு ஓடி வந்து நாற்பது மங்குகளையும் பார்த்தேன். டார்ச் அடித்து, வெள்ளைக் கரண்டியில் அள்ளி அள்ளிப் பார்த்தேன். பேசினையும் பார்த்தேன். எதிலும் ஒன்றும் இல்லை. அப்போது போன் வந்தது. மருத்துவமனையிலிருந்து அந்தப் பெண்ணின் அம்மா. மகளின் நைட்டி இரண்டும் துண்டும் வேண்டும், சாவி பூச்சட்டிக்குக் கீழே இருக்கிறது என்றாள்.

அந்தப் பெண்ணின் அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தேன். துணியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது ஜன்னல் கண்ணில் பட்டது. கம்பியில் மங்கு தொங்கிக்கொண்டிருந்தது. விளிம்புவரை தண்ணீர். நான் சொன்னபடியே ஒரு குச்சியும் இருந்தது. டார்ச்சை அடித்தேன். புழுக்கள் எல்லாம் வெளிச்சத்துக்குப் பயந்து நெளிந்து நெளிந்து அடிக்கு ஓடின. எண்ண முடியாத அளவு. கட்டிலில் அவள் தலைகாணி இருந்த இடத்திலிருந்து ஒரு கை தூரம்.

மங்கில் புழு இருந்தால் அதிலிருந்து பறந்த கொசுதான் கடித்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. இது எனக்கு எப்போதும் தெரியும். வீட்டுக்காரம்மாக்களிடம் மட்டும் நான் இதைச் சொன்னதே இல்லை. கரண்டியை நீட்டும்போது அப்படித்தான் என்று நம்பவிட்டுவிடுவேன். அப்போதுதான் பயம் வரும், பயம் வந்தால்தான் வாளியைக் கவிழ்ப்பார்கள். இப்போது அந்த அறையில் நின்று, இதை அவள் அம்மாவிடம் நீட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். மகளுக்குப் பொழுதுபோக வேண்டுமென்று தன் கையால் கட்டியது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கையை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

ஆய்வுக்கு ஆட்கள் வருவதற்கு முன் எதையும் தொடக்கூடாது. மற்றவர்கள் தொட்டபோதெல்லாம் நான் கத்தியிருக்கிறேன். மங்கினைக் கழற்றி, வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த சிமெண்டில் கொட்டினேன். கம்பியையும் அவிழ்த்து எடுத்தேன்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அவள் துணிப்பையை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது அதைத்தான். "தேடிப் பாத்தீங்களாக்கா? புழு எங்க இருந்துச்சு?"

"என் மங்குலதான்," என்றேன். "ஒண்ணு கண்ணுல படாம விட்டுட்டேன்."

"எம் பொண்ண விட ஒங்களுக்குக் குருவி பெருசாப் போச்சா?" என்றாள். சத்தம் போடவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வலித்தது. ஆனால் பாதி உண்மைதானே. சொல்ல வேண்டியதைச் சொல்லாதவள் நான்தானே.

ஆய்வுக்கு வந்தவர்கள் என்னோடு வேலை செய்த பழைய ஆட்கள். என் நாற்பது மங்குகளையும் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒங்களுக்கே வேலை வச்சுக்கிட்டீங்களா?" என்று சிரித்தார்கள். எங்கும் புழு இல்லை என்று எழுதிக்கொண்டு, புகை அடித்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை நானே எல்லாவற்றையும் கவிழ்த்தேன். மறுநாள் பதினோராம் மரத்துக்கு அந்த அணில் வந்ததை நான் போய்ப் பார்க்கவில்லை. வந்திருக்கும்.

அந்தப் பெண் ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு தேறி வந்தாள். குழந்தையும் நாள் தவறாமல், நல்ல குரலோடு பிறந்தது. எனக்கு அந்தச் செய்தி என் கணவர் மூலமாகத்தான் வந்தது. முப்பதாம் நாள் விசேஷத்துக்கு அழைப்பும் அவர் வழியாகத்தான் வந்தது. நான் வரவில்லை என்றேன். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "வேலியத் தாண்டினா வீடு. வா," என்றார். போனேன்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெண் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் குழந்தையைக் கையில் கொடுத்தாள். அம்மா சமையலறையில் இருந்தாள்.

"பெரியம்மா, ஜன்னல்ல இருந்த மங்கு எங்க?"

"கழட்டிட்டேன்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதுல சின்னச் சின்னதா நெளிஞ்சுச்சு. நான் தெனமும் பாத்துகிட்டேதான் படுத்திருந்தேன். தவளைக் குட்டின்னு நெனச்சேன். கால் மொளைக்கிறதப் பாக்கணும்னு ஆசை. அம்மா தண்ணிய மாத்த வந்தப்பகூட கொட்டாதீங்க, மேலாப்புல மட்டும் ஊத்துங்கன்னு நான்தான் சொன்னேன்."

நான் உடும்புக்காக மறைந்து உட்கார்ந்திருந்ததும் இதே ஆசையில்தான். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரியில வச்சுக் கூகல்ல தேடினேன். அப்பத்தான் தெரிஞ்சுது. அம்மா ஒங்கள ஏசினப்பல்லாம் சொல்லிடலாம்னு பாத்தேன், வாய் வரல. இன்னிக்குச் சொல்லிடட்டுமா, பெரியம்மா?"

அறை வாசலில் அவள் அம்மா தேநீரோடு வந்து நின்றாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் குழந்தையை அவள் மடியில் வைக்கக் குனிந்து, அவள் கையை அழுத்திப் பிடித்தேன். நிமிர்ந்து, தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"சீனி பத்தல," என்றேன்.

"டின்னு மேசையில இருக்கு. போட்டுக்குங்க," என்றாள் அவள் அம்மா.

இரண்டு மாதத்துக்கு மேலாகி, அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மேசைக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன்.