மேல் அம்புக்குறியும் பெரிய கிளாக்கரும்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் தேயிலைத் தூள் கொட்டும். அரைக் கோப்பை பிளேன்டீக்குக் காணும்...

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பல்கலைக்கழகம் முடித்த கையோடு அங்கே ஃபெக்டரி ஆபீஸில் எனக்கு வேலை. அங்கிருந்த கிழட்டுக் கம்பியூட்டருக்கு விண்டோஸைத் தாங்கச் சக்தி இல்லை. யுனிக்ஸ் மாதிரியான ஒரு குட்டி இயங்குதளத்தைப் போட்டுவிட்டு, தோட்டத்தின் உதவி மனேஜரான சின்னத்துரை அதை மறந்துவிட்டார். காலையில் கதவோரம் நின்று "ஹரித மிஸ்?" என்பார். எல்லாம் சரியா என்று சிங்களத்தில் கேட்கிறார். ஹரி என்பேன். போய்விடுவார்.

மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். அதை வாங்கிக் கம்பியூட்டருக்குச் சொல்லும் புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். எங்கள் ஷெல்லுக்கு ஞாபகசக்தியே இல்லை. அடித்த கட்டளை மறுபடி வேண்டுமென்றால் முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

ஆபீஸின் மூத்தவரான பெரிய கிளாக்கருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் வருஷக்கணக்காக நின்றவர். அங்கே நிறையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், பறித்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகுதான் எழுதுவார். அதே சட்டத்தை எனக்கும் போட்டார்.

"வாசிங்க மிஸ்."

"வாசிச்சிட்டேன் ஐயா."

"எனக்குக் கேக்கலையே. சத்தமா வாசிச்சிட்டு என்டர அமுக்குங்க."

பட்டம் வாங்கியவள், பாலர் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அடித்துக்கொண்டிருந்தது, அடையாள அட்டை இல்லாதவர்களின் பட்டியல். யுத்த காலம். அட்டை இல்லாமல் இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினால் செக்பொயின்டில் இறக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை சின்னத்துரை பட்டியலை அரசாங்க ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதில் பெயர் இருந்தால்தான் அட்டை.

இந்த வேகத்தில் முடியாது என்று வேறு ஷெல் தேடினேன். கொழும்புத் தோழி மூன்றை பிளாப்பியில் அனுப்பினாள். முதலாவதில் எல்லா வசதியும் உண்டு. திறந்ததும் மெமரி போதாமல் கம்பியூட்டர் மயங்கி நின்றது. இரண்டாவது சிக்கனம், ஆனால் இதுவும் மறதிக்காரன். மூன்றாவது அளவாக இருந்தது. மேல் அம்புக்குறியை அமுக்கினால் முன்பு அடித்த கட்டளை அப்படியே திரும்ப வரும்!

கிளாக்கருக்கும் காட்டினேன். "இது எதையும் மறக்காது ஐயா. இனி வாசிக்கத் தேவையில்ல."

"அப்படிங்களா..." என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை அரைகுறைப் பட்டியலை அழித்து, முழுப் பட்டியலை அதே பெயரில் வைத்தேன். மதியம் பிரின்ட் எடுக்க வேண்டும். பழைய பிரின்ட் கட்டளைதான் வரும் என்று, வாசிக்காமலே அம்புக்குறி, அம்புக்குறி, என்டர்.

பிரின்டர் அசையவில்லை. பட்டியலும் இல்லை. பிளாப்பியில் வைத்திருந்த பிரதியை மலைக்குளிர் பூஞ்சணம் ஏற்கெனவே தின்றிருந்தது.

"நீங்க ஏதாச்சும் தொட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எழுந்து வந்தார். ஒற்றை விரலால் மேல் அம்புக்குறியை அமுக்கினார். நான் கடைசியாக அடித்த கட்டளை திரையில் வந்தது... காலையில் அரைகுறைப் பட்டியலை அழித்த அதே கட்டளை.

"மறக்கவே மாட்டேங்குதே மிஸ்!"

பிறகு அலுமாரியைத் திறந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்த் தன் கையால் பெயர் எழுதிய சி.ஆர். கொப்பியை எடுத்தார். அவர் வாசிக்க வாசிக்க நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லி அடித்தேன்.

"லெச்சுமி."

"லெச்சுமி."

"அவசரப்படாதீங்க. மூணு லெச்சுமி இருக்கு. எந்த லெச்சுமின்னு கேட்டுட்டு அடிங்க."

ஃபெக்டரியின் நாலரைச் சங்கு ஊதும்போது பட்டியல் கடகடவென்று பிரின்டரிலிருந்து இறங்கியது. வெள்ளி காலை சின்னத்துரை "ஹரித மிஸ்?" என்றார். ஹரி என்றேன். கிளாக்கர் இருமினார்.

புது ஷெல்லை நான் கைவிடவில்லை. எதை அழிக்கச் சொன்னாலும் முதலில் 'அழிக்கவா?' என்று கேட்கும்படி மட்டும் மாற்றினேன். பெருமையோடு காட்டினேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு மாசமா நானும் இதத்தான கேட்டேன்... மிஷின் கேட்டாத்தான் பதில் சொல்லுவீங்க போல."

இப்போது என் லெப்டொப்பின் ஷெல், நான் இரண்டெழுத்து தட்டுவதற்குள் மிச்சத்தைச் சாம்பல் நிறத்தில் எழுதிக் காட்டுகிறது. பெரும்பாலும் சரியாகவே. எனக்குப் பயமே அதுதான்.

ஆபீஸில் நான் முணுமுணுப்பதைக் கேட்டு, மந்திரம் சொல்கிறேன் என்று பக்கத்து மேசைக்காரர்கள் நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை.

எனக்குக் கேக்கலையே என்று சொல்லத்தான் ஆளில்லை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, இன்னொரு தரம் வாசித்துவிட்டு அமுக்குகிறேன்.