பில்பெர்ரி இலையில் என்னைப் பதனிட்ட கதை

ஆம்பூரில் தோல் பதனிடும் வேலையில் இருப்பவன் நான். எங்கள் தொட்டிகளில் இன்னும் ஆவாரம் பட்டைச் சாறுதான். பச்சைத்தோலை முதலில் வெளிறிய சாற்றில் போட்டு, நாளுக்கு நாள் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் கெட்டிச் சாற்றில் போட்டால் மேலே மட்டும் இறுகி உள்ளே வெள்ளையாக நின்றுவிடும். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது இது ஒன்றுதான். வம்பும் அதனால்தான் வந்தது.

எனக்குச் சர்க்கரை. அது கம்மியானால் பாகில் ஊறிய ஆற்காடு மக்கன் பேடா ஒன்று தின்னலாம் என்று மனைவி இரண்டு வருடத்துக்கு முன் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒன்றுக்காக நான் ஏங்கியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தோல் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் புலம்பலைக் கேட்டு, ஊருக்குப் போய் ஒரு பொட்டலம் அனுப்பினார். பில்பெர்ரி என்ற கருநீலப் பழச்செடியின் காய்ந்த இலை. சர்க்கரைக்கு அதைக் கொதிக்கவைத்துக் குடிப்பது அவர்கள் பக்கம் பழைய வழக்கமாம். பொட்டலத்தின் பின்புறம் அவர் மொழியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. இலைக்கு எதற்கு விளக்கம் என்று விட்டுவிட்டேன்.

முதல் வாயிலேயே நாக்கு இறுகியது. ஆவாரம் பட்டையின் அதே துவர்ப்பு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் நாள் ஒரு சிட்டிகை, அடுத்த நாள் இரண்டு என்று தொட்டி முறைப்படி ஏற்றினேன். சர்க்கரை மாத்திரையையும் விடவில்லை. சாறு வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு டம்ளரில் தோல் துண்டு ஒன்றை ஊறப்போட்டு அடுப்படியில் வைத்தேன்.

"இன்னாங்க இது, நாத்தம் தாங்கல?" என்றாள் மனைவி.

துண்டைப் பிளேடால் அறுத்துக் காட்டினேன். "நடுவுல வரைக்கும் நிறம் ஏறியிருக்கு பாரு. எனக்கும் இப்படித்தான் ஏறும்."

அவள் டம்ளரைத் தூக்கி எறிந்தாள். மூன்றாவது வாரம் வயிறு கட்டிக்கொண்டது. உள்ளே நன்றாகப் பதமாகிறது என்று பெருமைப்பட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டில் உறவுக்காரர் வீட்டுக்கு இனிப்பு வாங்கக் கடையில் நின்றோம். திடீரென்று வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் இருட்டி, கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று மனைவிக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைப் பிய்த்து, மக்கன் பேடாவைப் பாகோடு என் வாயில் திணித்தாள். ஒன்றில்லை, மூன்று.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர், மனைவி பையில் வைத்திருந்த பொட்டலத்தின் பொடி எழுத்தைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தார். நிறையக் குடிக்கக் கூடாது, ரொம்ப நாள் குடிக்கக் கூடாது, சர்க்கரை மாத்திரையோடு சேர்க்கவே கூடாது. என் தொட்டி முறையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க தொட்டியில போடறது செத்த தோலு. அதுக்குக் கல்லீரல் கிடையாது, கிட்னி கிடையாது. உங்களுக்கு இருக்குது."

"மூளையும் இருக்குதான்னு ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர்," என்ற மனைவி, சொல்லி முடித்ததும் அழுதாள். பாகு ஒட்டிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவமானமாக இருந்தது.

துவர்த்துப்போன நாக்கில் அந்த மூன்றில் ஒன்றின் ருசியும் தெரியவில்லை. இன்னொன்று கேட்க இதுவரை தைரியம் வரவில்லை.