பூதப்பாண்டியில் ஓடாத நாற்பது கிலோமீட்டர்

மதுரையிலிருந்து பூதப்பாண்டிக்கு குதிரையை லாரியில் கொண்டுபோக எவ்வளவு நேரமாகும், வழியில் எங்கே நிறுத்தலாம் என்று இரண்டு பேர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் வேறு சில விஷயங்களையும் சொல்லாமல் முடியாது என்று தெரிந்துவிட்டது.

நான் மதுரையில் கணக்கு டீச்சர். ஆறு வருடமாகக் குதிரை ஏறுகிறேன். மைனா என் குதிரை, ஒன்பது வயது, செம்பழுப்பு நிறம். தை மாதக் கடைசியில் பூதப்பாண்டி பக்கம் நெடுந்தூரக் குதிரைப் போட்டி ஒன்று நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். இருபது கிலோமீட்டர் வீதம் இரண்டு சுற்று. இதை முடித்தால்தான் அடுத்த கட்டமான அறுபது கிலோமீட்டருக்குப் போக முடியும். ஏழு மாதம் விடியற்காலையில் எழுந்து பயிற்சி எடுத்தோம். மைனாவை விட எனக்குத்தான் அவசரம்.

வியாழக்கிழமை காலை 4.30-க்கு மதுரையில் கிளம்பினோம். லாரி வாடகை போக வர 19,000 ரூபாய். ஓட்டுநர் ராஜமணி அண்ணன் தக்கலைக்காரர், இருபது வருடமாக மதுரையில் வண்டி ஓட்டுகிறார். மாடு ஏற்றிப் பழகியவர், குதிரை ஏற்றுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. மணிக்கு நாற்பத்தைந்துக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், அவரும் போகவில்லை. ஆனாலும் கயத்தாறுக்கு முன்னால் ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட, மைனாவின் முன்னங்கால் பலகையில் இடித்துக்கொண்டது. இறங்கி, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தேன். தோல் உரியவில்லை, வீக்கமும் இல்லை. திருநெல்வேலி தாண்டி இருபது நிமிடம் நிறுத்தினோம். நான் டீ வாங்கப் போனேன், அண்ணன் குதிரைப் பக்கத்தில் நின்றார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். பின்பக்கப் படுதாவை அங்கே வருவதற்கு முன்பே இறுகக் கட்டிவிடுங்கள். நாங்கள் கட்டவில்லை. படுதா படபடவென்று அடிக்க, மைனா தோவாளை வரை காலை உதைத்துக்கொண்டே வந்தாள். பகல் 12.20-க்கு பூதப்பாண்டி சேர்ந்தோம். மொத்தம் 240 கிலோமீட்டர்.

முகாம் ஒரு தென்னந்தோப்பில். பதினெட்டுக் குதிரைகள் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை மாலை கால்நடை மருத்துவர் ஷீபா எல்லாக் குதிரைகளையும் சோதித்தார். மார்த்தாண்டத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். இதயத் துடிப்பு, குடல் சத்தம், மூட்டு, தசை எல்லாம் பார்த்து, குதிரையை ஓடவிட்டு நடையையும் பார்த்தார். மைனா தேறினாள். கடைசியில் ஒரு படிவம். கடந்த பத்து நாளில் குதிரைக்குக் கொடுத்த மருந்து, ஊசி, பூச்சு எதுவானாலும் எழுத வேண்டும். 'ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

குதிரைப் போட்டிகளுக்கும் ஊக்கமருந்து விதி உண்டு என்றால் பலர் சிரிக்கிறார்கள். சர்வதேச விதிகளை அப்படியே கடைப்பிடிக்கிற போட்டி இது. பட்டியலில் இரண்டு பிரிவு. எந்தக் காலத்திலும் குதிரை உடம்பில் இருக்கவே கூடாதவை ஒன்று. சிகிச்சைக்குக் கொடுக்கலாம், ஆனால் போட்டி நாளில் உடம்பில் மிச்சம் இருக்கக் கூடாதவை இன்னொன்று. குதிரைக்கு யார் என்ன கொடுத்திருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் ஏறி ஓட்டுகிறவர். தெரியாது என்பது பதில் ஆகாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பயணத்தில் மைனாவின் காலில் சுற்றியிருந்த துணிகளைத் துவைக்க எடுத்தேன். ஒன்றில் தைலவாடை வந்தது. முகர்ந்து பார்த்தேன், கர்ப்பூரம். லாரியின் நிழலில் பல் விளக்கிக்கொண்டிருந்த ராஜமணி அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"அது நம்ம முட்டுவலி எண்ணெ மேடம்" என்றார், சாதாரணமாக. "அன்னைக்குக் கால் இடிச்சிச்சுல்லா. நீங்க டீ வாங்கப் போயிருந்திய. பாத்தா பாவமா இருந்துச்சு. துணிய அவுத்துட்டு ஒரு துளி தடவுனேன்."

"எத்தனை தடவை?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நேத்து காலைலயும் ஒருக்க. ஏன், ஒத்துக்கிடாதா?"

நேற்று மாலைதான் மருத்துவர் அந்தக் காலை அழுத்திப் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை வாங்கிப் பார்த்தேன். பேர் எழுதிய தாள் பாதி அழிந்திருந்தது. கோட்டாறில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்குவாராம்.

பக்கத்துக் கொட்டகையில் கோயம்புத்தூர் கார்த்திகா இருந்தாள். பழைய போட்டிகளில் பழக்கம். அவளிடம் சொன்னேன். "பதினெட்டுக் குதிரையில ரெண்டுக்குத்தான் சாம்பிள் எடுப்பாங்க. உனக்கே விழணுமா? துளி எண்ணெய்க்கு ஏழு மாசத்த விடுவியா? பேசாம இரு" என்றாள். கெட்டவள் இல்லை. எனக்காகத்தான் சொன்னாள். எனக்கும் அது சரியென்றே பட்டது, ஒரு கால்மணி நேரம்.

மருத்துவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சிதறாலில் ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார், மாலை ஐந்து மணிக்கு முகாமுக்கு வந்துவிடுவார் என்றார்கள் போட்டி நடத்துபவர்கள். ஐந்து மணி வரை காத்திருந்திருக்கலாம், அறிவுள்ளவர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். என்னால் தோப்பில் நிற்க முடியவில்லை. மைனாவைக் கார்த்திகாவிடம் ஒப்படைத்துவிட்டு, எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று அந்தக் கடையிலேயே கேட்க 8.40 பேருந்தில் ஏறினேன். ராஜமணி அண்ணனும் கூட வந்து ஏறிக்கொண்டார். நான் கூப்பிடவில்லை.

கோட்டாறு பூதப்பாண்டியிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். நாகர்கோவில் வடசேரியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம், 80 ரூபாய். கடைத்தெருவில் ஆட்டோவை விடச் சுமைவண்டி வேகமாகப் போகிறது, அதனால் முன்னாலேயே இறங்கி நடப்பது நல்லது. கடைக்காரர் தொப்பி வைத்த பெரியவர். அண்ணனைப் பார்த்ததும் புது குப்பியை எடுத்து நீட்டினார்.

"வாப்பா, இதுல என்னெல்லாம் சேத்திருக்கு?" என்று அண்ணன் கேட்டார்.

"எல்லாம் நல்ல சாமானம்தான். நல்லெண்ணெ, பச்சக் கர்ப்பூரம், ஓமம், காஞ்ச மொளவா வித்து, சுக்கு. மொளவா இல்லாம வலி கேக்காது."

"குதிரைக்குப் போட்டுட்டாங்க" என்றேன்.

அவர் குப்பியைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்தார். "குதிரைக்கு நான் சொல்லல்லையே, அம்மா. ஆளுக்குத்தான் நான் விக்கது."

கர்ப்பூரம் பட்டியலில் உண்டு என்று தெரியும். மிளகாயின் காரம் அதைவிட மோசம். அது வலியை மரத்துப்போகவும் வைக்கும், தோலை எரியவைத்துக் குதிரையைக் காலை உயர்த்தித் தாண்டவும் வைக்கும். விதிப்புத்தகத்தில் பெயர் சொல்லியே இருக்கிறது. கடைக்கு வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார், "எம்மேல கேஸ் ஏதும் வருமா மேடம்? லைசென்ஸ புடுங்குவாவளா?" இல்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து சிதறாலுக்கு ஆட்டோ ஏழு கிலோமீட்டர், 250 ரூபாய். பண்ணையில் கன்று இன்னும் வெளியே வரவில்லை. மருத்துவரின் கை தோள்வரை பசுவுக்குள் இருந்தது. என்னைப் பார்த்து, "ஒரு மணிக்கூறு ஆவும்" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்தில் சிதறால் மலைக்கு ஏறினேன். போகிறவர்களுக்குச் சொல்கிறேன், கல் பாவிய பாதை, நிதானமாக நடந்தால் இருபது நிமிடம். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், மேலே கடை இல்லை. உச்சியில் ஒரு பெரிய பாறை, அதன் கீழே சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக நின்றும் உட்கார்ந்தும் இருக்கிறார்கள், பாறையிலேயே செதுக்கப்பட்டவர்கள். பக்கத்துக் குளத்தில் தண்ணீர் இருந்தது. கீழே தென்னையும் ரப்பருமாகப் பச்சை. இதையெல்லாம் நான் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அன்று பன்னிரண்டு நிமிடத்தில் ஏறி, சிற்பங்களுக்கு முன்னால் நின்றபடி மூன்று தடவை போனைப் பார்த்து, ஒன்பது நிமிடத்தில் இறங்கினேன். கணுக்காலும் லேசாகப் புரண்டது.

காளைக்கன்று பிறந்திருந்தது. மருத்துவர் கை கழுவிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். எவ்வளவு எண்ணெய் என்று அண்ணனிடம் கேட்டார்.

"ஒரு துளி, டாக்டரே."

"துளின்னா? ஸ்பூனா, உள்ளங்கையா?"

அண்ணன் உள்ளங்கையைக் குழித்துக் காட்டினார்.

"நாளைக்குள்ள உடம்பை விட்டுப் போயிருமா டாக்டர்?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்தேன் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

"ஊசின்னா இத்தன மில்லி, இத்தன நாள்னு ஒரு கணக்கு உண்டு. அதுக்கு மேல ரெண்டு நாள் கூட்டிச் சொல்லுவேன். கையால தடவுன எண்ணெய்க்கு என்னத்த வச்சு நாள் சொல்ல?" என்றார். துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "சாம்பிள விடுங்க. நேத்து நான் அமுக்கிப் பாத்தேன்லா, அது காலயா, எண்ணெயையா?"

காலையில்தான் மைனாவை நடத்திப் பார்த்து நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் நன்றாக இருந்தாளா, வலி தெரியாமல் நடந்தாளா? ஆறு வருடமாக அவள் காது அசைவதை வைத்தே வயிற்றுவலியைச் சொல்லிவிடுவேன். அன்று அவள் கால் என்னிடம் எதுவும் சொல்லாதபடி யாரோ வாயைப் பொத்தியிருந்தார்கள். பாதையில் பாறைச்சரிவு இரண்டு இடத்தில் உண்டு. அந்தக் காலை நம்பி என்னையும் அவளையும் அதில் இறக்க முடியாது.

"விலகிக்கிடுதேன்" என்றேன். மூன்று நாளில் அந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டியிருந்தது.

மாலை முகாமில் படிவத்தைத் திருத்திக் கொடுத்தேன். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பூசியவர் பெயர் என்ற இடத்தில் அண்ணன் பெயரை எழுத வேண்டியிருந்தது. அவர் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மற்ற பதினேழு குதிரைகளும் கிளம்பின. குளம்புச் சத்தம் கேட்டு மைனா கனைத்துக்கொண்டே கயிற்றை இழுத்தாள். நானும் அவளுக்குச் சளைக்கவில்லை, தோப்புக்குள் சுற்றிச் சுற்றி நடந்தேன். பார்க்கச் சகிக்காமல் மருத்துவர் ஷீபா ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, சோதனை இடத்தில் துடிப்பு எழுத உட்காரவைத்தார். முதல் சுற்று முடித்து வரும் குதிரை இருபது நிமிடத்துக்குள் நிமிடத்துக்கு 64 துடிப்புக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்காத நாலு குதிரைகளுக்குப் போட்டி அங்கேயே முடிந்தது.

கார்த்திகா மூன்றாவதாக முடித்தாள். சாம்பிள் சீட்டு அவளுக்கு விழுந்தது. வைக்கோல் பரப்பிய கொட்டகையில் குதிரை சிறுநீர் கழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐம்பது நிமிடம் ஆனது. பிடித்ததை அவள் கண்முன்னால் இரண்டு குப்பியில் ஊற்றி முத்திரை வைத்தார்கள். அவள் எதுவும் கொடுக்காதவள். ஆனால் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து டீல தொட்ட ரொட்டிய அதுக்குக் குடுத்தேன்டி. டீல இருக்கறது சோதனைல வருமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. முடிவு வர சில வாரம் ஆகும். அதுவரை அவள் தூங்கமாட்டாள்.

பதினொன்றரைக்கு மருத்துவர் தானாகவே வந்து மைனாவைத் தார்ச்சாலையில் ஓடவிடச் சொன்னார். ராஜமணி அண்ணன் கயிற்றைப் பிடித்து ஓடினார். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது இடித்த கால் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் மைனாவின் தலை லேசாக மேலே போனது. எனக்குத் தெரிந்தது, மருத்துவருக்கும் தெரிந்தது.

"எண்ணெ மறச்சு வச்சிருந்ததா, இல்ல அடியே இன்னைக்குத்தான் காட்டுதான்னு என்கிட்ட கேக்காதிய. எனக்குத் தெரியாது. ரெண்டு வாரம் ஏறப்பிடாது" என்றார்.

அண்ணன் கயிற்றோடு அங்கேயே நின்றார். பிறகு போய் வாளியில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து அந்தக் காலில் ஊற்றத் தொடங்கினார். அதை யாரும் தடுக்கவில்லை. தண்ணீருக்கு விதி இல்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஓட்டுநரிடம் வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மருந்தைப் பற்றிப் பேசுங்கள். நான் பேசவில்லை. அவர் செய்தது இரக்கத்தில் செய்தது, பிழை என்னுடையது. தீவனம் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உள்ளூரில் அறுத்த புல் வாங்கினால் உதறிப் பாருங்கள், ஊமத்தை கலந்திருந்தாலும் சோதனையில் வரும். மூலிகை என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், பட்டியலுக்கு மூலிகையும் ஊசியும் ஒன்றுதான். குதிரைக்கு என்று ஒரு நோட்டு வைத்து, உள்ளே போவது, மேலே படுவது எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதுங்கள். நான் ஞாயிறு மாலைதான் வாங்கினேன். பூதப்பாண்டிக் கடையில் 40 ரூபாய். சிதறாலுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், காலை எட்டு மணிக்குள் ஏறுங்கள், போனைக் கீழே விட்டுவிட்டு.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். தோவாளைக்கு அப்பால் ஒரு கடையில் நிறுத்தி, அண்ணன் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினார். ஒன்றை உரித்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனவர், அங்கேயே நின்றுவிட்டார். மைனா கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மேடம், இது குடுக்கலாமா?"

போட்டி முடிந்துவிட்டது, இனி யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனாலும் போனை எடுத்துத் தேடிப் பார்த்தேன்.

"குடுங்க அண்ணே."

கொடுத்தார். இன்னொன்றும் கொடுத்தார். பிறகு முன்னால் வந்து ஏறி, சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"நோட்டுல எழுதலையா?"

எடுத்து எழுதினேன். மட்டிப்பழம், இரண்டு, காலை 7.10, கொடுத்தவர் ராஜமணி. அவர் எட்டிப் பார்த்து வாசித்துவிட்டு வண்டியை எடுத்தார்.