படத்தில் தெரியாத பக்கத்துப் படகுகள்

மகள் அனுப்பிய கப்பல் கம்பெனிப் புத்தகத்தில் இருந்த படத்தில் ஐந்து படகுகள் இருந்தன. மேல்தளத்துக்குக் கீழே வரிசையாக, வெள்ளை நிறத்தில், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கப்பலுக்கு ஆபத்து வந்தால் ஏறித் தப்பிப்பதற்கான படகுகள். பூதக்கண்ணாடி வைத்து மூன்று முறை எண்ணினேன். ஐந்துதான். ஆனால் படம் கப்பலின் ஒரு பக்கத்தைத்தான் காட்டியது. மறுபக்கத்தில் எத்தனை என்று அந்த வழவழப்பான புத்தகத்தின் பன்னிரண்டு பக்கங்களிலும் இல்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம் அது. நகராட்சிப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு இருந்தேன். எங்கள் ஒரே மகள் கனடாவில், வான்கூவர் என்ற துறைமுக நகரத்தில், ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி அங்கே போய் ஆறு வருஷமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. அதன் பிறகு அவளை நாங்கள் பார்க்கவில்லை.

ஜூன் மாதம் எங்களை வரச்சொல்லி எழுதியிருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு வாரம்தான் லீவு. அந்த வாரத்தை வீட்டில் சமைத்துக் கழிக்க வேண்டாம், மாப்பிள்ளைக்கு லீவு இல்லாததால் அவளும் நாங்களுமாக மூன்று பேர் கப்பலில் வடக்கே அலாஸ்கா கரையோரமாகப் போய் வரலாம் என்று ஏற்பாடு செய்திருந்தாள். மலைமேலிருந்து பனி ஆறுபோல இறங்கி வந்து, கடலோரத்தில் சுவராக நின்று, உடைந்து உடைந்து விழுமாம். மற்ற நாட்களில் அவளுக்கு வேலை. வீடு திரும்பினால் தூக்கம். மகளோடு முழுசாக இருக்கக் கிடைப்பது அந்த ஏழு நாள்தான். நூற்று அறுபத்தெட்டு மணி நேரம்.

என் மனைவி அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தாள். எனக்கு 'உடைந்து விழுமாம்' என்ற இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியம் இந்த ஊரில் வந்ததில்லை. பாலாற்றில் நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மணல். கோயில் குளத்தில் மூன்றாவது படி வரை இறங்குவேன், தலையில் தெளித்துக்கொள்வேன், ஏறிவிடுவேன். ஆகாய விமானத்துக்கு மட்டும் பயமில்லையா என்று பின்னால் கேட்டவர்கள் உண்டு. விமானம் ஏழு நாள் பறப்பதில்லை.

புத்தகத்தில் பனிச்சுவரைப் பற்றி இரண்டு எண்கள் இருந்தன. பனிச்சுவரின் உயரம் இருநூறு அடி. கப்பல் அதற்கு அரை மைல் தள்ளி நிற்கும். அரை மைல் போதுமா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரமும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். ஒரு காலையில் மனைவியைப் பூ வாங்கலாம் என்று கூட்டிக்கொண்டு போய், கோபுர வாசலிலிருந்து தப்படி எண்ணிக்கொண்டே நடந்தேன். என் தப்படி இரண்டரை அடி. ஆயிரத்து ஐம்பத்தாறாவது தப்படியில், ஒரு சைக்கிள் கடைக்கு எதிரே, நின்று திரும்பினேன். கையை நீட்டிப் பார்த்தால் கோபுரம் என் கட்டைவிரல் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அது அப்படியே சரிந்து தண்ணீரில் விழுந்தால் எழும்பும் அலை இந்தச் சைக்கிள் கடை வரை வருமா என்று யோசித்தேன். யோசித்தது எதை என்று உறைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாங்க, நடுரோட்டுல நின்னுக்கினு கன்னத்துல போட்டுக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. கோபுரம் தெரிஞ்சுது."

"நாம பொறந்ததுலேருந்து தெரிஞ்சிக்கினுதான் இருக்குது. வாங்க, பூ வாடிடும்."

மூன்று வீடு தள்ளி என் மைத்துனன் இருந்தான், மனைவியின் தம்பி. பட்டுத்தறி நெசவு. வெயில் ஏறுமுன் பாவை, அதாவது புடவையின் நீளவாட்டு நூலை, தெருவில் நீட்டிக் கட்டி, இழைகளைச் சரிபார்ப்பது அவன் வழக்கம். மறுநாள் காலை அவன் பாவு கட்டியிருந்தபோது அதன் நீளத்தை நடந்து அளந்தேன். புத்தகத்தில் போட்டிருந்த கப்பலின் நீளம் அதுபோல ஒன்பது பாவு வந்தது.

"பெரிய கப்பல்தானே மாமா, அப்புறம் இன்னா?" என்றான்.

"பெருசா இருந்தா முழுவாதா?"

அவன் ஓர் இழையை முடிச்சுப்போட்டுக்கொண்டே சிரித்தான். "சின்ன காஞ்சிபுரத்துல பெருமாளே நாப்பது வருஷம் கொளத்துக்குள்ள படுத்துக்கினு இருக்கிறாரு. நீ ஏழு நாளு தண்ணி மேல இருக்கிறதுக்கு இப்பிடி நடுங்குற."

தெருவில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலைதான் பஞ்சாங்கத்தை எடுத்தேன். நியாயமாகச் சொன்னால், ஒரு காரணம் தேடித்தான் எடுத்தேன். கப்பல் புறப்படுவது ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. நடு ராகு காலம்! எனக்குப் பயம் கூடியது. அதோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். மனைவியிடம் சொல்லாமல் ஓர் ஏரோகிராம் வாங்கி மகளுக்கு எழுதினேன். முதல் பயணத்தை ராகு காலத்தில் தொடங்கக் கூடாது, வேறு நாளுக்கு மாற்று, இல்லாவிட்டால் கப்பலே வேண்டாம். தபால் பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று இரண்டு தட்டுத் தட்டினேன்.

இருபத்து நான்காம் நாள் பதில் வந்தது. நான் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். திரும்பியபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

மகள் எழுதியிருந்தது இதுதான். அப்பா சொன்னபடி மாற்றியாகிவிட்டது. அடுத்து இடம் இருந்தது மூன்று வாரம் தள்ளி, ஒரு வியாழக்கிழமை காலை கிளம்பும் பயணத்தில். அப்போது அவளுக்கு லீவு கிடையாது. ஆகவே நாங்கள் இரண்டு பேர் மட்டும் போய்வர வேண்டும். பயப்பட வேண்டாம், இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணி என்பதே அங்கே மத்தியானம் மாதிரிதான்.

மனைவி கடிதத்தை மடித்தாள். "நான் பனிக்கட்டி பாக்கவா போறேன்?" என்றாள். "எம்பொண்ணப் பாக்கப் போறேன். அவ இல்லாத கப்பல்ல எனக்கு இன்னா வேல?"

"ராகு காலம்..."

"ராகு காலமில்ல. உங்க காலு நடுங்குது. கோபுரத்தண்டயே பாத்தேன்."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஆறு வேளைச் சாப்பாடும் பேச்சில்லாமல் வந்தது. எனக்கோ பயம் இரட்டித்திருந்தது. மகள் கூட இருந்தால் இங்கிலீஷில் கேட்கவாவது ஆள் உண்டு. இப்போது நானும் மனைவியும், இரண்டே பேர், ஐந்து படகுகள்.

மூன்றாம் நாள் காலை மைத்துனனின் பாவுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஒன்பது மணி வரை வெளிச்சம் என்றதும் நிமிர்ந்தான்.

"அங்க பொழுது எப்போ விடியுது?"

"அஞ்சு மணிக்குன்னு முன்ன எழுதியிருந்தா."

"அப்ப பகலு பதினாறு மணி நேரம். ராகு காலம்னா பகல எட்டா பிரிச்சி ஒரு பங்குதானே, மாமா? மூணு பொடவப் பாவ மூணா பிரிக்கிறேன். பாவு நீளமா இருந்தா பங்கும் நீளம். நீ நம்மூரு கோல வெச்சி அந்தூரு பாவ அளந்துட்டியே!"

பாவின் ஓரமாக, தரையில் ஒரு செங்கல் துண்டால் கணக்குப் போட்டேன். பதினாறில் எட்டில் ஒன்று, இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமைக்குக் கடைசிப் பங்கு. ஏழிலிருந்து ஒன்பது. ஐந்து மணிக்கும் ராகு காலத்துக்கும் சம்பந்தமே இல்லை. முப்பத்தொரு வருஷம் வகுத்தல் சொல்லிக்கொடுத்தவன் நான். தவிர, ஐந்து மணிக்குத் தொடங்குவது குளிகை. குளிகையில் செய்தது திரும்பவும் நடக்கும் என்பார்கள். அதாவது இன்னொரு முறையும் கப்பல் ஏறவேண்டி வரலாம். அந்தக் கலவரத்தில் அதற்கும் தனியாக ஒரு தடவை பயந்தேன்.

"இன்னா மாமா ஒக்காந்துட்ட? போய் தந்தி குடு. அக்கா கண்ணுல நான் முழிக்கணும்."

தந்தி ஆபீசுக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். பழைய தேதியே போதும், கணக்குத் தப்பு என் மேல். இங்கிலீஷில் ஒன்பது வார்த்தை. எழுதி வாங்கிக்கொண்ட குமாஸ்தா ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் என் பழைய மாணவர்.

பதில் கடிதமாகத்தான் வந்தது, பதினேழு நாள் கழித்து. நாங்கள் விட்டுவிட்ட மூன்று இடங்களையும் வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பழைய தேதியில் ஒரே ஓர் அறை, இரண்டு பேர் படுக்கும் அறை, மிச்சம் இருந்தது. அதைப் பிடித்து வைத்திருந்தாள். 'நீங்களும் அம்மாவும் போங்கள், அப்பா. நான் கரையில் நின்று கையாட்டுகிறேன். இல்லாவிட்டால் அம்மாவும் நானும். நீங்கள் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாள்.

படித்து முடிக்குமுன்பே என் மனசு சொல்லிவிட்டது. அவ்வளவு வேகமாகச் சொன்னதுதான் வெட்கமாக இருந்தது. ஏரோகிராமை எடுத்து, அம்மாவும் நீயும் போங்கள், அம்மாவின் சந்தோஷம்தான் எனக்கு முக்கியம் என்று தொடங்கினேன். மனைவி பின்னால் நின்று படித்திருக்கிறாள்.

"அத அடிங்க," என்றாள்.

"ஏன்?"

"பயமா இருக்குதுன்னு எழுதுங்க. எனக்காக வுட்டுக்குடுத்த மாதிரி எழுதினா, ஏழு நாளும் அவ உங்கள நெனச்சி அழுதுக்கினு இருப்பா. பயந்துட்டாருன்னா சிரிச்சிடுவா."

அடித்தேன். மகளுக்கு எழுதிய கடிதங்களில் 'பயம்' என்ற சொல்லை முதல் தடவையாக அன்றுதான் எழுதினேன். எழுதிய பின் பயம் குறைந்ததா என்றால், இல்லை. வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அதுவரை அந்தத் தண்ணீரில் என்னைத்தான் வைத்துப் பார்த்தேன். அன்று முதல் அவர்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஐந்துதான்.

ஜூன் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையோடு துறைமுகத்தில் நின்றேன். சரியாக ஐந்து மணிக்குக் கப்பல் ஊதியது. வெயில் நம்மூர் மூன்று மணி வெயில்போல இருந்தது. மேல்தளத்தில் அம்மாவும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையாட்டினார்கள். என் மனைவி எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கப்பல் கரையை விட்டு விலகி, மெல்லத் திரும்பி, படத்தில் இல்லாத பக்கத்தைக் காட்டியது. நான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணீர் குறுக்கே வந்து கணக்குத் தவறியது, முதலிலிருந்து எண்ணினேன். ஐந்து.

"மாமா, கையாட்டுங்க, பாத்துக்கினு இருக்காங்க," என்றார் மாப்பிள்ளை.

நிமிர்ந்தபோது அவர்களும் தளத்தின் இந்தப் பக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். கம்பி வேலி நெடுக நூறு கைகள் ஆடிக்கொண்டிருந்தன. எவை அவர்களுடைய கைகள் என்று எனக்குத் தெரியவில்லை.