அட்டை ஓரத்துப் படகு

சாந்தோம் குப்பத்தில் மீன் விற்கும் ஜெசிந்தாவை எல்லாரும் அழுத்தக்காரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மகள் எஸ்தரைப் படிக்கவைக்க அவள் பட்ட பாட்டை யார் பார்த்தார்கள்?

எஸ்தருக்கு யுகேஜியில் இது இரண்டாம் வருஷம். எழுத்தைக் காட்டினால் அதன் சத்தத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவையும் சொல்லாவிட்டால் டிசி கொடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஜெசிந்தாவுக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. பிள்ளையைச் சேர்க்கும்போது எட்டாவது படித்ததாகப் பொய் சொல்லியிருந்தாள். இப்போது வாயைத் திறந்து கேட்கவும் வழியில்லை.

எழுத்து அட்டைகள் வாங்கினாள். பக்கத்து வீட்டு நாஸியா மறுநாள் ஊருக்குப் போகிறவள், ஒரே ஒருமுறை படித்துக் காட்டினாள். மறந்துவிடுமே என்று ஜெசிந்தா ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் பேனாவால் படம் போட்டுக்கொண்டாள். ப-வுக்குப் படகு, க-வுக்குக் கத்தி, த-வுக்குத் தராசு, வ-வுக்கு வலை, ம-வுக்கு மத்தி மீன். கூடையை இறக்கியதும் தினமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அட்டையை நீட்டுவாள். பத்தே நாளில், கலைத்துப் போட்டுக் கேட்டாலும் எஸ்தர் டக் டக்கென்று சொன்னாள். ஜெசிந்தா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

பரீட்சையன்று சாருலதா மிஸ் கரும்பலகையில் ப எழுதினார். "இது என்ன சத்தம், எஸ்தர்?"

பிள்ளை பலகையின் மூலை மூலையாகத் தேடியது. "படகு எங்க மிஸ்?"

வாசலில் நின்ற ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பிள்ளை எழுத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் அவள் கிறுக்கிய படத்தைத்தான்.

"தப்பு எம்மேல மிஸ். எட்டாவதுன்னு சொன்னது பொய். எனக்குப் படிக்கவே தெரியாது. நாந்தான் படம் போட்டுக் கெடுத்துட்டேன். புள்ளைக்கு மூளை நல்லாத்தான் கீது."

"முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? நாலு மணிக்குப் பாஸ், ஃபெயில் லிஸ்ட் பெரிய மேடத்துகிட்ட போகணும்."

"இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? நாலு மணி வரிக்கும் டைம் குடுங்க மிஸ், கால்ல வுழறேன்."

மிஸ் படமில்லாத ஐந்து அட்டைகளை ஒருமுறை படித்துக் காட்டிக் கொடுத்தார். தாயும் மகளும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். எஸ்தர் அம்மாவின் உள்ளங்கையில் விரலால் எழுத, இருவரும் சேர்ந்து சத்தத்தைச் சொன்னார்கள். பாதியில் எது ம, எது வ என்று ஜெசிந்தாவுக்கே குழம்பியது. வகுப்புக்குள் ஓடிக் கேட்டாள். மறுபடி குழம்பியது, மறுபடி ஓடினாள்.

"எத்தனை தடவைம்மா வருவீங்க?"

"நீங்க தொரத்தினாலும் வருவேன் மிஸ்."

நாலு மணிக்குக் கேட்டபோது ஐந்தில் மூன்றுதான் சரி. மிஸ் லிஸ்டில் எஸ்தர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. "பெரிய மேடத்துகிட்ட கேட்டுப் பாக்கறேன். ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"எம்மா, வூட்டுக்குப் போலாம்மா."

"மிஸ் வெளிய வரட்டும். இன்னும் ரெண்டு எழுத்து கீது. போடு."

பிள்ளை அழுதுகொண்டே அவள் கையில் கோடு இழுத்தது. ஜெசிந்தா கையை எடுக்கவில்லை.